செல்லாத நாணயமும் செல்லும் வதந்தியும்



ஞாயிறு திருப்பலி முடிந்து காணிக்கை எண்ணும்போது நம் பங்குப் பேரவை உறுப்பினர்கள் சொல்லிச் சிரிக்கும் ஒரு வேடிக்கை உண்டு. தட்டில் விழும் காசில் பத்து ரூபாய் நாணயங்கள் ஏராளம். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் வரும் ஞாயிறுகளில் இன்னும் கூடுதல். "ஃபாதர், கடைக்காரர் வாங்காததெல்லாம் கடவுள்கிட்ட வந்துடுது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நாமும்தான் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கிய பின் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. அரசு அச்சிட்ட, யாரும் தடை செய்யாத ஒரு நாணயத்தைச் செல்லாக் காசாக்கியது யார்?

எந்தச் சட்டமும் அல்ல, எந்த அமைச்சரும் அல்ல. நாம்தான். நம் பேச்சுதான்.

பேருந்து நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் கைப்பேசியிலும் நாள் முழுவதும் அரசியல், விலைவாசி, விநோதச் செய்தி என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். பெரும்பாலும் அதை 'சும்மா பேச்சு' என்று நினைக்கிறோம். சும்மா சொன்ன சொல் எங்கே போய் யார் தலையில் விழுகிறது என்று நாம் பார்ப்பதில்லை. அதைச் சற்றுப் பார்ப்போம்.

பத்து ரூபாயின் கதை

இரு உலோகங்களால் ஆன பத்து ரூபாய் நாணயம் 2009-ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்தது. 2010-இல் ரூபாய்க்குப் புதிய குறியீடு கிடைத்தது. அதை வடிவமைத்தவர் தமிழரான உதயகுமார் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. 2011 முதல் அந்தக் குறியீட்டுடன் புதிய நாணயங்கள் வந்தன. பழையவையும் புதியவையும் சேர்ந்தே புழங்கின. ஒன்றில் பதினைந்து கதிர்கள், இன்னொன்றில் பத்து கதிர்கள். ஒன்றில் ரூபாய்க் குறி உண்டு, இன்னொன்றில் இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்ட யாரோ ஒருவர் "இரண்டில் ஒன்று போலி" என்று முடிவுகட்டினார். படம் எடுத்து அனுப்பினார். பார்த்தவர் அடுத்தவருக்கு அனுப்பினார்.

விளைவு நமக்குத் தெரியும். இந்திய ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் விளக்கம் தந்தது. 2018 ஜனவரி 17 அன்று மீண்டும் தந்தது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியாகியுள்ளது, அனைத்தும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களை 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செலுத்தலாம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் சென்னையில் தடையின்றி ஓடிய நாணயம், பல வெளிமாவட்டங்களில் பேருந்திலும் பெட்டிக்கடையிலும் ஆண்டுக்கணக்கில் திருப்பி நீட்டப்பட்டது.

2022 ஜூன் மாதம் ஒரு விநோதச் செய்தி வந்தது. தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர், சேலத்தில் ஏறக்குறைய 6 இலட்சம் ரூபாய்க்கு முழுவதும் பத்து ரூபாய் நாணயங்களையே கொடுத்துக் கார் வாங்கினார். மூட்டை மூட்டையாக நாணயங்களைக் கொட்டி எண்ணும் படத்தைப் பார்த்து நாடே சிரித்தது. அவர் அப்படிச் செய்ததற்கான காரணத்தைக் கேட்டவர்கள் குறைவு. அவருடைய தாயார் கடை நடத்துகிறார். அந்தக் கடையில் சேர்ந்த பத்து ரூபாய் நாணயங்களை வாடிக்கையாளர்கள் வாங்க மறுத்தார்கள். மதிப்பற்றவை என்று எண்ணிப் பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடுவதையும் அவர் கண்டார். இது செல்லும் காசு என்று ஊருக்குக் காட்டவே அவர் அப்படிக் கார் வாங்கினார்.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். இந்த வதந்தியால் பெரிய வணிகர் யாரும் இழக்கவில்லை. அவரிடம் அட்டை உண்டு, கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி உண்டு. இழந்தவர் கீரைக்கட்டு விற்கும் பாட்டி. பத்துப் பேர் கொடுத்த பத்து நாணயங்களை மாலையில் மொத்தக் கடையில் கொடுத்துச் சரக்கு எடுக்கப் போனால் "இது வேண்டாம்மா" என்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு நூறு ரூபாய் இருந்தும் இல்லை. நாம் சும்மா அனுப்பிய ஒரு படத்தின் விலை அது. அதை நாம் செலுத்தவில்லை, அவர் செலுத்தினார்.

2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்ட நாட்களையும் நினைத்துப் பாருங்கள். புதிய 2,000 ரூபாய்த் தாளில் சில்லு பொருத்தப்பட்டிருக்கிறது, பூமிக்குள் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக் கொடுத்துவிடும் என்றார்கள். படித்தவர்களும் நம்பினோம். அப்படி எதுவும் இல்லை என்று ஆன பிறகும், அதை நமக்கு அனுப்பிய யாரும் திரும்ப வந்து "நான் சொன்னது தவறு" என்று சொல்லவில்லை. 2023 மே மாதம் அந்தத் தாளையே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. தாள் திரும்பிப் போனது. பொய்யைத் திரும்பப் பெற மட்டும் யாரும் முன்வரவில்லை.

காசு போய் உயிர் வந்தது

காசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2018-ஆம் ஆண்டு கோடையில் வட மாநிலங்களிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் தமிழகத்துக்குள் இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகளும் காணொளிகளும் வீடு வீடாகப் பரவின. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளில் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்பு குறித்த விழிப்புணர்வுக்காகப் பாகிஸ்தானின் கராச்சி நகரில் எடுக்கப்பட்ட குறும்படம். கடத்துவது போல் நடித்தவர் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும், எச்சரிக்கை வாசகம் வருவதும் அதன் இறுதிக் காட்சி. அந்த இறுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தையைக் காக்க எடுத்த படம் கொலைக்குத் தூண்டும் படமாயிற்று.

2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்றது. அத்திமூர் பகுதியில் வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான். குழந்தை கடத்துபவர்கள் என்று கூட்டம் சூழ்ந்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் சென்றவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார்.

அடித்தவர்களைச் சட்டம் தேடியது, கைது செய்தது. அது சரி. ஆனால் அடித்தவர்களின் கைக்கு அந்தக் கோபம் எப்படி வந்து சேர்ந்தது? எத்தனையோ நல்ல தாய்மார்கள், எத்தனையோ நல்ல தகப்பன்மார்கள், "எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும்" என்ற நல்ல எண்ணத்தில் அனுப்பியதுதான் அது. கொலை செய்யும் எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் கல்லை ஒருவர் எடுத்துக் கொடுத்தார், ஒருவர் கைமாற்றினார், கடைசியில் ஒருவர் எறிந்தார். கைமாற்றியவர் "நான் எறியவில்லையே" என்று சொல்லிவிட்டு இரவு தூங்கிவிட முடியுமா?

அத்திமூர் நிகழ்ச்சி நடந்து நான்காம் நாள், 2018 மே 13, ஆண்டவரின் விண்ணேற்பு ஞாயிறு. திரு அவை உலகத் தொடர்பு நாளைக் கொண்டாடிய நாளும் அதுவே. அந்த ஆண்டுக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்தெடுத்திருந்த தலைப்பு, பொய்ச் செய்திகளும் அமைதிக்கான இதழியலும். ஏதேன் தோட்டத்துப் பாம்பின் தந்திரத்தை அவர் அதில் எடுத்துக்காட்டினார். முழுப் பொய்யை அது சொல்லவில்லை, உண்மையைச் சற்றே திருகியது. இறுதிக் காட்சி வெட்டப்பட்ட அந்தக் குறும்படத்தைப் போல. அந்தச் செய்தி ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது. நம்மில் எத்தனை பேர் அதைப் பிறருக்கு அனுப்பினோம்? குழந்தைக் கடத்தல் குரல் பதிவை எத்தனை பேர் அனுப்பினோம்?

நம் தெருவில் வேலை செய்பவர்

அரசியல் பேச்சுக்கு வருவோம். 2023 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளும் கொலைகளும் இங்கே நடந்தவையாகக் காட்டப்பட்டன. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகார் சட்டப்பேரவையில் அமளி எழுந்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு இங்கே வந்து நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. மார்ச் 8 அன்று ஹோலிப் பண்டிகை என்பதால் ஏற்கெனவே ஊருக்குப் போகவிருந்தவர்களோடு, பயத்தால் கிளம்பியவர்களும் தொடர்வண்டி நிலையங்களில் நின்றார்கள்.

இதில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. 2018-இல் வடநாட்டார் நம் பிள்ளைகளைக் கடத்த வருகிறார்கள் என்று நாம் நம்பினோம். 2023-இல் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். இரண்டும் ஒரே பொய்யின் இரு பக்கங்கள். பல்லாவரம்–துரைப்பாக்கம் ஆரச் சாலை நெடுக எழும் அடுக்குமாடிகளில் சாரம் கட்டுபவரும், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரும் யார் என்று நமக்குத் தெரியும். அவருடைய பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? முகம் தெரியாதவரைப் பற்றிய பொய்யை நம்புவது எளிது. பெயர் தெரிந்தவரைப் பற்றிச் சொன்னால், "அவனா? இருக்காதே!" என்று ஒரு கணமாவது தயங்குவோம். அந்த ஒரு கணத் தயக்கம் ஓர் உயிரைக் காக்கும்.

இது புதிதும் அல்ல. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநில மக்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்திகளால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவர்கள் கூட்டம் கூட்டமாக இரயிலேறினார்கள். அப்போது மத்திய அரசு மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளை ஐந்து என்ற அளவுக்குச் சில நாட்கள் கட்டுப்படுத்தியது. 2018 ஜூலையில், கும்பல் கொலைகளுக்குப் பின், வாட்ஸ்அப் நிறுவனமும் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகள் உலக அளவில் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே கூறியது. இதன் பொருள் என்ன? ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு தடவை விரலால் தொட வேண்டும் என்றதும் பெரும்பகுதியை நாம் அனுப்பாமலே விட்டுவிட்டோம். அவ்வளவு அவசியமானவை அவை! ஒரு நிறுவனம் நம் விரலைப் பிடித்து நிறுத்த வேண்டிய நிலையில் நாம் இருந்திருக்கிறோம்.

முதலை வந்ததும் வராததும்

"அப்படியானால் எதையும் நம்பாமல் இருந்துவிட்டால் போதுமே" என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் வழியல்ல. அதற்கும் நம் பகுதியிலேயே சான்று இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. பண்ணையினர் மறுத்தார்கள். அது பொய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர்–நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை இரவில் கடந்து போவதாகக் காணொளி வந்தது. பழைய அனுபவத்தால் பலர் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. அப்பகுதி நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் உண்டு, அவை கூச்ச சுபாவம் உள்ளவை, அவற்றைச் சீண்ட வேண்டாம் என்று அரசே விளக்கம் சொன்னது.

இதே போல்தான் ஏரியும். நம் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கும் அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போக வேண்டும். மழைக்காலம் வந்தாலே "ஏரி உடைந்துவிட்டது" என்று யாரோ அனுப்புவார்கள். 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்ததாகவும் வதந்தி கிளம்பியது. ஏரி உடையவில்லை. ஆனால் டிசம்பர் முதல் நாள் இரவு அங்கிருந்து பெருமளவில் திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றுக் கரையோரங்களை மூழ்கடித்தது. புலி வருது, புலி வருது என்று கூவிய கதை நமக்குத் தெரியும். பொய் எச்சரிக்கை செய்யும் பெரிய தீமை, அன்றைக்கு நம்மைப் பயமுறுத்துவது அல்ல. மெய் எச்சரிக்கை வரும் அன்று நம்மை அசையவிடாமல் செய்வதுதான்.

எனவே எல்லாவற்றையும் நம்புபவரும், எதையுமே நம்பாதவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருமே விசாரிப்பதில்லை.

யார் சரிபார்ப்பது?

அரசே சரிபார்த்துச் சொல்லட்டும் என்ற கருத்து உண்டு. அரசு விளக்கம் தர வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எது பொய் என்று தீர்ப்பிடும் அதிகாரம் முழுவதையும் அரசின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? 2012 அக்டோபரில், ஓர் அரசியல் தலைவரின் மகனைப் பற்றி இணையத்தில் ஒரு வரி எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தொழில் முனைவோர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்த்துப் பொய் என்று அறிவிக்க வழிசெய்த 2023-ஆம் ஆண்டு விதியையும் 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் நீக்கியது.

அரசும் தவறலாம். சுனாமி பேரழிவு நடந்து நான்காம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. தமிழகக் கடற்கரை முழுவதும் மக்கள் ஓடினார்கள். அலை வரவில்லை. அந்த எச்சரிக்கைக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று பின்னர் தெரிந்தது.

ஆகவே இந்தப் பொறுப்பை நாம் வேறு யாரிடமும் ஒப்படைத்துவிட முடியாது. ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையைக் காப்பாற்ற வேண்டுமானால், நாம் கேட்கும் கேள்வி உண்மையின் மேல் நிற்க வேண்டும். பொய்யின் மேல் நின்று கேட்டால், ஆட்சியாளர் பதில் சொல்லவே தேவையில்லை. "பார்த்தீர்களா, எல்லாம் வதந்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொய் பேசி நல்ல கட்சிக்கு உதவுகிறோம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலைமேல் இருப்பவர் கற்பிப்பது

நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில்தான் பரங்கிமலை இருக்கிறது. அங்கே நாம் வணங்கும் புனித தோமாவுக்கு உலகம் வைத்த பெயர் 'சந்தேகத் தோமா'. பத்துப் பேர், அதுவும் நெருங்கிய நண்பர்கள், ஒரே குரலில் சொன்னார்கள். அவர் "நானே பார்க்க வேண்டும்" என்றார். நாமோ ஒரே ஒரு முகம் தெரியாத நபர் சொன்னதை நூறு பேருக்கு அனுப்புகிறோம். தோமா ஒருவார காலம் காத்திருந்தார். கூட்டத்தை விட்டு ஓடவில்லை, மற்றவர்களைக் கேலி செய்யவும் இல்லை. ஆண்டவரும் அவர்மீது சினந்து வாயிலைச் சாத்தவில்லை, காயங்களைக் காட்டினார். கண்டபின் அவர் முழுமையாக நம்பினார். நம் மரபுப்படி, அந்த நம்பிக்கையோடு கடல் கடந்து இந்த மண்ணுக்கு வந்து உயிரையும் கொடுத்தார். விசாரித்து நம்பியவரின் நம்பிக்கை அவ்வளவு உறுதியானது.

இன்று கண்ணால் காண்பதும் பொய்யாகலாம். 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் பெரிய வெள்ளைக் குளிர் அங்கி அணிந்து நடக்கும் படத்தை உலகமே பகிர்ந்தது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் அது. அதனால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. ஆனால் அதே கருவியால் நாளை நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முகத்தையும், ஒரு தொழிலாளியின் குரலையும் உருவாக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது.

இனி நாம் செய்யக்கூடியவை மிகச் சிறியவை. ஒரு செய்தி வந்ததும் மூன்று கேள்விகள் கேட்போம். இதை முதலில் சொன்னவர் யார்? எந்த நாள், எந்த ஊர் என்று இருக்கிறதா? இது பொய்யானால் யாருக்கு அடி விழும்? மூன்றாவது கேள்விக்கான பதில் ஓர் ஏழையாகவோ, வெளியூர்க்காரராகவோ, வேற்று மதத்தவராகவோ இருந்தால் இன்னும் ஒருமுறை நிறுத்துவோம். தவறான செய்தியை அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், அனுப்பிய அதே இடத்தில், அதே ஆட்களிடம், "நான் அனுப்பியது தவறு, மன்னியுங்கள்" என்று எழுதுவோம். கடினம்தான். ஒப்புரவு அருளடையாளத்தில் நம்மிடம் சொல்லப்படும் பாவங்களில் கோபம் உண்டு, பொறாமை உண்டு. பொய்ச் செய்தி அனுப்பினேன் என்று சொல்பவர் மிக அரிது. அதைப் பாவம் என்றே நாம் எண்ணுவதில்லை. பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை, வாயால் சொல்வதற்கு மட்டும் என்று எங்கும் இல்லை.

அன்பியக் கூட்டங்களில் ஒருநாள் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நம் தெருவில் வேலை செய்யும் வடமாநிலச் சகோதரர் ஒருவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்து வாருங்கள். நூறு விளக்க அறிக்கைகளைவிட அது பயன் தரும்.

அடுத்த ஞாயிறும் காணிக்கைத் தட்டில் பத்து ரூபாய் நாணயங்கள் விழும். விழட்டும், அவை செல்லும். அவற்றைப் போடும் முன் கையில் ஒரு கணம் திருப்பிப் பாருங்கள். இந்தக் காசு யார் கையில் செல்லாமல் திரும்பி வந்தது, அதில் நம் சொல்லுக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். நம் காசு செல்லுபடியாவது அரசின் முத்திரையால். நம் சொல் செல்லுபடியாவது உண்மையால் மட்டுமே.

சிந்திப்போம்.